முத்துக்கிளியை எழுதியவள்

எங்கள் போர்டிங் முற்றம் முழுக்க மணல். தினமும் காலையில் அதைப் பெருக்கி, விளக்குமாற்றின் வரிகள் தெரியும்படி விட்டுவிடுவோம். எங்களுக்கு அது பெருக்கின முற்றம், அவ்வளவுதான். அவளுக்கு அது அன்றைய பத்திரிகை. பள்ளி மணி அடிப்பதற்குள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்த தலையோடு காலடிகளைப் பார்த்தபடி ஒரு சுற்று வந்துவிடுவாள்.

“பால்காரருக்கு எடது கால்லே முள்ளு. மேட்ரம்மா ரெண்டு மட்டம் கெணத்தடிக்குப் போயிருக்காவ. சேவல் ஒண்ணு கொறையுது.”

சேவல் குறைந்தது மேட்ரன் அம்மாவுக்கே மறுநாள்தான் தெரிந்தது.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் இவ்வளவு எழுதுவதே சரியா என்று இரண்டு தடவை காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். கைக்குழந்தை தூங்குகிற நேரம் மட்டுமே எனக்குக் கிடைக்கிறது. அதில் துணி மடிக்காமல் இப்படி உட்கார்ந்திருப்பதும் ஒரு குறையாகத்தான் மனதில் உறுத்துகிறது. ஆனாலும் அவளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஒருத்தியை நினைத்துச் சிரிக்க முடிகிறதென்றால் அதை எழுதி வைப்பதில் தவறிருக்காது என்று நம்புகிறேன்.

நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கான மிஷன் போர்டிங் அது. நாற்பது பேர் இருந்தோம். காலையில் படிப்பு, மத்தியானத்துக்கு மேல் லேஸ் பின்னல். அவள் இனயத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் என் வகுப்பு. உயரம், ஒல்லி, பின்னலின் நுனியை எப்போதும் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். உற்சாகம் வந்தால் அவள் பேச்சு பாட்டுப்போல் ஏறி இறங்கும். உள்நாட்டுப் பிள்ளைகள் நாங்கள் அதைப் பழித்துக் காட்டுவோம். அவள் கோபித்துக்கொண்டதில்லை. “இன்னொரு மட்டம் சொல்லு. எனக்க ஒச்சை அப்பிடியாட்டி இருக்கு?” என்று ஆராய்ச்சிதான் செய்வாள்.

அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். டச்சுக்காரர் கப்பல்கள் குளச்சலில் வந்து இறங்கிய காலத்துக் கதை. கதாநாயகி முத்துக்கிளி, பதினாலு வயது, உப்பு விற்கிறவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டச்சுக்காரர் பாளையத்துக்குள் போய், எத்தனை பீரங்கி, எத்தனை பேர், எந்த நேரம் காவல் மாறுகிறது என்று பார்த்து வந்து மகாராஜாவின் ஆட்களிடம் சொல்கிற ஒற்று வேலை அவளுக்கு. பெரியவர்கள் யாரும் அவளைச் சந்தேகிக்கமாட்டார்கள். உப்பு விற்கிற சின்னப் பெண்ணை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதில் எதையும் அவள் சும்மா எழுதமாட்டாள். “செய்து பாக்காம எழுதப்படாது” என்பாள். முத்துக்கிளி வேஷம் போட்டுக் காவலைத் தாண்டுகிற அத்தியாயம் வந்தபோது மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள், சனிக்கிழமை காலை, மேட்ரன் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முக்காடு போட்ட ஒரு பெண் இடுப்பில் ஓலைப் பெட்டியோடு வந்து நின்றாள்.

“முருங்கக்கீர வேணுமாம்மா? தோவாளக் கீர.”

“தோவாளையிலேருந்தா இத்தன தூரம் நடந்து வந்த? கீர வாடியில்லா போவும்.”

“வாடலையே, தொட்டுப் பாருங்கம்மா.”

மேட்ரன் அம்மா தொட்டுப் பார்த்தார். காம்பை ஒடித்துப் பார்த்தார். ஒரு கை அரிசியைப் போட்டுவிட்டுப் பெட்டியிலிருந்த கீரை முழுவதையும் வாங்கிக்கொண்டார். “கீர நல்லாயிருக்கு. நாளைக்கும் கொண்டு வா பிள்ளே” என்று சொல்லியும் அனுப்பினார். ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டென்று குனிந்து ஒளிந்துகொண்டேன். ஏனென்றால் அந்தக் கீரை மேட்ரன் அம்மாவின் சொந்த முருங்கை மரத்தில் அரை மணி முன்பு பறித்தது. அவள் பறிக்கக் கொம்பை வளைத்துப் பிடித்தவள் நான்.

மத்தியானம் கீரைக்கறி. அவள் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, “தோவாளக் கீரைக்கு ஒரு தனி ருசி, இல்லியாம்மா?” என்று கேட்டாள். எனக்குப் புரையேறிவிட்டது.

கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்ததை என்ன செய்தாள் என்பது வேறு. ஒருமுறை அடுக்களையில் கருவாடு காணாமல் போய்க்கொண்டிருந்தது. தினமும் ஒரே ஒரு துண்டு. சமையல்காரம்மா பிள்ளைகளைத் திட்ட, மேட்ரன் அம்மா பெட்டிகளைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். அவள் ஒரே நாளில் ஆளைப் பிடித்துவிட்டாள். எடுத்தது கடற்கரை ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஏழு வயதுக் குட்டி. குட்டி அதைத் தின்னவில்லை. தன் தகரப் பெட்டியில், பாவாடைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். வீட்டு நினைப்பு வந்தால் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொள்வாளாம்.

கண்டுபிடித்தவள் இதை என்னிடம் மட்டும் சொன்னாள். “யார்ட்டயும் சொல்லாத” என்றாள். பிறகு அடுக்களைக்குப் பின்னால் போய் ஈர மணலில் விரல் நுனிகளை ஊன்றி ஊன்றி ஒரு பூனையை நடக்கவிட்டாள். ஜன்னல் வரைக்கும் போகிற காலடி, திரும்பி வருகிற காலடி. திரும்பி வருவது கொஞ்சம் ஆழமாக. “வாயிலே கருவாடு இருக்கில்லா, பாரம்” என்றாள்.

மேட்ரன் அம்மா வந்து குனிந்து பார்த்தார். “எலிக்குப் பூனை வளக்கலாம். பூனைக்கு என்னத்த வளக்க?” என்று அலுத்துக்கொண்டு பெட்டிச் சோதனையைக் கைவிட்டார்.

மேட்ரன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளச்சல்காரி. கண்டிப்பானவர். அவருக்குப் பிடிக்காத ஒன்று நாவல். “நடக்காததை நடந்ததா எழுதுகது பொய். பொய்யைப் படிச்சா பொய் வரும்” என்பார். முத்துக்கிளி நோட்டு ஒரு நாள் தலையணைக்கடியில் அகப்பட்டது. நாற்பது பேர் முன்னிலையில் அது அடுப்புக்குள் போனது. அவள் அப்பாவுக்கும் கடிதம் போனது. தேங்காய்ப்பட்டணத்தில் கடை வைத்திருந்த அந்த மனிதர் மறுவாரமே வந்து வாசலில் நின்று சொன்னதை எல்லோரும் கேட்டோம்.

“இன்னொரு கடுதாசி வந்தா அன்னைக்கே வண்டி. கொழும்புலே கட நடத்துக பையன் கேட்டுக்கிட்டிருக்கான். ஏழாங்கிளாசு எழுதினாதான் கழுத்துலே தாலி ஏறுமா?”

ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டால் உபாத்திச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். அதற்குத்தான் அவள் அத்தனை பாடுபட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு புகார்க் கடிதம் போனால் பரீட்சையும் இல்லை, பயிற்சியும் இல்லை.

அவள் கதையை விட்டுவிடுவாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவள் நோட்டை மட்டும்தான் விட்டாள்.

லேஸ் பின்னுகிறவர்களுக்குத் தெரியும். திண்டின் மேல் ஒரு கட்டம் போட்ட அட்டையை வைப்போம். அட்டையில் மாதிரிப் படம் முழுக்க ஓட்டைகளாகக் குத்தியிருக்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை அதைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டால் பூ விழும். அவள் பழைய அட்டைகளின் நடுவே, பூவில்லாத வெற்றுப் பட்டையில், தன் ஓட்டைகளைக் குத்தினாள். ஒரு எழுத்துக்கு இரண்டே ஓட்டை. மேல் ஓட்டை எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அது மெய். கீழ் ஓட்டை உயிர். அட்டைக்கு ஒரு வரிதான் கொள்ளும். படிக்கத் தெரிந்தவர்கள் அவளும் நானும் மட்டும். நான் படித்து மற்றவர்களுக்குக் காதில் சொல்ல வேண்டும். முத்துக்கிளி இப்படி அட்டை அட்டையாக டச்சுக் கப்பலுக்குள் ஏறிவிட்டாள்.

இனி வருவது என் தப்பு.

ஒரு சனிக்கிழமை அறைச் சோதனை என்று சத்தம் கேட்டது. என் வேதப் புத்தகத்துக்குள் ஒரு அட்டை இருந்தது. எதையும் அதனதன் இடத்தில் வைக்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே உண்டு. இப்போதும் அதற்காக வீட்டில் கேலி செய்கிறார்கள். அட்டை என்றால் அட்டைகள் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஓடிப்போய் லேஸ் அறையில் சிவப்பு மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். சிவப்பு மூடிப் பெட்டி சீமையிலிருந்து வருகிற புது மாதிரிகளுக்கானது என்பது எனக்கு நினைவு வரவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்துகொண்டிருந்தது. ஆலயத்தின் பிரசங்க பீடத்துக்குப் புது விரிப்பு வேண்டும். அதன் ஓரத்துக்கு லேஸ் பின்னுவது மேட்ரன் அம்மாவின் வேலை. எங்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான்: ஓட்டை இருந்தா ஊசி குத்து, ஏன் எதுக்குன்னு கேக்காத. அவரும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தார், மேலே இருந்த அட்டையை எடுத்தார், இரண்டு வாரம் தன் அறையில் உட்கார்ந்து பின்னினார்.

பண்டிகையன்று பிரசங்க பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காயும் வாழைக்குலையும் நெற்கதிரும். போர்டிங் பிள்ளைகள் நாங்கள் எல்லோருக்கும் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தோம். பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. பாதிரி ஐயர் பிரசங்கம் ஆரம்பித்தார். புது விரிப்பு வெள்ளை வெளேரென்று என் கண்ணுக்கு எதிரே தொங்கியது. ஓரத்தில் பூ, பூவுக்கு நடுவே பட்டை, பட்டையில் ஊசி நின்ற இடத்துச் சின்னச் சின்னக் கண்கள். அழகான வேலை என்று நினைத்தேன். பிறகு அந்தக் கண்கள் எனக்குத் தெரிந்த இடங்களில் இருப்பதைக் கண்டேன். எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு எழுத்து.

காவல்காரன் தூங்குகிறான். இப்போதே குதி!

அட்டையில் ஒரு தடவை இருந்ததை மேட்ரன் அம்மா விரிப்பின் நீளத்துக்கு ஏழு தடவை பின்னியிருந்தார். ஏழு தடவையும் காவல்காரன் தூங்கினான்.

அவள் முழங்கை என் விலாவில் இடித்தது. அவளும் படித்துவிட்டாள். அவள் பார்வை பீடத்திலிருந்து மெள்ள வலது பக்கம் போனது. அங்கே தூணில் சாய்ந்து, ஆலயத்து மணி அடிக்கிற கோயில்பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

சிரிப்பை அடக்குவது எவ்வளவு வலிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பின்னால் இருந்த ஒரு அம்மாள் பிரசங்கம் கேட்டு அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஆனால் போர்டிங்குக்குத் திரும்பும்போது என் சிரிப்பு போய்விட்டது. கர்த்தருடைய ஆலயத்தில் ஒரு பொய்க் கதையின் வரி தொங்குகிறது. போட்டவள் நான். ஐயர் அதன் மேல் வேதப் புத்தகத்தை வைக்கிறார்.

“விடுட்டி. யாருக்கும் வாசிக்கத் தெரியாது” என்றாள் அவள்.

“எனக்குத் தெரியுமே, அக்கா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ சொல்லத்தான் போற, இல்லியா?”

“இல்லை” என்றேன். மறுநாள் காலை மேட்ரன் அம்மாவின் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டையைப் பெட்டியில் போட்டது நான் என்றுதான் தொடங்கினேன். ஆனால் அந்த நூலைப் பிடித்து இழுத்தால் அவள் வராமல் இருப்பாளா? என் மனது லேசாவதற்காக அவளுடைய பரீட்சையை எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று அந்த வாசலிலேயே நினைத்தேன். இன்றும் எனக்கு அதில் தெளிவில்லை.

மேட்ரன் அம்மா விரிப்பை ஆலயத்திலிருந்து வரவழைத்தார். அவளையும் கூப்பிட்டார்.

“இது நீ எழுதினதா?”

“நான் குத்தினது. பின்னினது நீங்க.”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வாசி.”

அவள் விரலை வைத்து வாசித்தாள். மேட்ரன் அம்மா தன் விரலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார். ஓரம் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். “ஏழு மட்டம்! ரெண்டு வாரம் கண்ணு நோவ இந்தச் சவத்தையா நான் பின்னினேன்?” என்றார். ஓரத்தை மறுபடியும் விரலால் தடவினார். பிறகு, “எங்கேருந்து குதிக்கா?” என்று கேட்டார்.

“கப்பல்லேருந்து, அம்மா.”

“கப்பல் எங்க நிக்கி?”

“கொளச்சல்லே. கரையிலேருந்து ஒரு கல்லெறி தூரம்.”

“பொய்.” மேட்ரன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கொளச்சல்லே கரைக்கு நேரே பாறை கெடக்கு. கப்பல் பாறைக்கு அந்தப் பக்கம்தான் நிக்கும். கட்டுமரம் இல்லாம எவளும் வர முடியாது. உனக்க பிள்ள குதிச்சா மண்ட பொளந்து அங்கயே தீந்தா.”

“நான் கடக்கரைக்காரியம்மா. இனயத்துலே எனக்குத் தெரியாத கடலா?”

“இனயத்துலே எந்தக் கப்பலுட்டி வந்தது? சாளமீனு வரும்.”

எனக்கு இருந்த பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. பின்னல் நுனி வாயிலிருந்து தானாக விழுந்தது. “அதை மட்டும் நான் செய்து பாக்கல்லே, அம்மா” என்றாள்.

தண்டனை அங்கேயே முடிவானது. எழுதின பொய்யையெல்லாம் முதலிலிருந்து நாற்பது பேருக்கும் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தோறும், சாயங்கால ஜெபத்துக்கு முன். எல்லோரும் கேட்டு, அவள் வெட்கப்பட வேண்டும். கதை முடிகிற அன்றைக்குத் தண்டனை முடியும். “முடிஞ்ச மறுநாள் உனக்க அப்பனுக்குக் கடுதாசி போவும். கேட்டியா?”

“கேட்டேன்.”

விரிப்பை என்ன செய்வது என்று நான் மெல்லக் கேட்டேன். “கெடக்கட்டும். கோயில்பிள்ளை தூங்குகது பொய்யில்லியே” என்றார் மேட்ரன் அம்மா.

அவள் போனபிறகு என்னை நிற்கச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். காகிதத்தையும் மைக்கூட்டையும் என் பக்கம் தள்ளினார். “எழுது” என்றார். அவள் அப்பாவுக்குக் கடிதம். நான் அழுதுகொண்டே தேதியைப் போட்டேன். அவர் சொன்ன வார்த்தைகள் இவை: “உங்கள் மகளின் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகப் படிக்கிறாள். பரீட்சை முடியும்வரை அவளைக் கூட்டிப்போக யாரையும் அனுப்ப வேண்டாம்.”

நான் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“என்ன பாக்க? ஒட்டிக் குடு. அவட்ட மூச்சு விடப்படாது. கொஞ்சம் பயம் இருந்தாதான் படிப்பா.”

அந்தக் கடிதத்தை அன்றே அஞ்சலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதங்களைப் போன்ற சந்தோஷம் அந்த போர்டிங்கில் வேறு எப்போதும் இருந்ததில்லை. சனிக்கிழமை என்றால் நாற்பது பேரும் மத்தியானத்திலிருந்தே வேலையை முடிக்கப் பறப்போம். அவள் நடுவில் நிற்பாள். மேட்ரன் அம்மா ஓரமாகத் திண்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்போல் பின்னிக்கொண்டிருப்பார்.

கதை முடிந்தால் கடிதம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் முத்துக்கிளி வீடு திரும்பக் கூடாது. கட்டுமரத்தில் தப்பித்து வந்தவளை மறுபடியும் பிடித்தார்கள். உப்பளத்தில் ஒளிந்தாள், உப்பு மூட்டைக்குள் கட்டித் தூக்கிப் போனார்கள். மகாராஜாவின் பத்மநாபபுரம் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டவளை, வாசலில் இருந்தவன் வேஷக்காரி என்று துரத்திவிட்டான். கடைசியில் ஒரு பாழுங்கிணற்றுக்குள் விழுந்தாள். அங்கேயே நாலு சனிக்கிழமை கிடந்தாள்.

கருவாட்டுக் குட்டிக்கு மட்டும் இந்த ஏற்பாடு புரியவில்லை. “பாவம் அக்கா, அவள வீட்டுக்குப் போக விடு, அவளுக்க அம்மா தேடுவா” என்று கண்ணீர் விடுவாள். இரண்டு பக்கத்திலிருந்தும் அவளைக் கிள்ளி வாயை மூடுவார்கள்.

“இன்னுமா அந்தப் பிள்ள கெணத்துக்குள்ள கெடக்கு? சளி பிடிக்காதா?” என்பார் மேட்ரன் அம்மா, குச்சிகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கல்லு வழுக்குது அம்மா. ஏற முடியல்லே.”

“ம். வழுக்கும், வழுக்கும்.”

எனக்கோ ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அவள் பாய் என் பாய்க்குப் பக்கம். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே, “அடுத்த வாரம் என்னட்டி செய்ய? கெணத்துலே பாம்பு விடவா?” என்று என்னிடம்தான் கேட்பாள். அவள் மெலிந்துபோனாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பயம் தீர்ந்துவிடும். மேட்ரன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. நான் சொல்லிவிட்டால் முத்துக்கிளி மறு சனிக்கிழமையே வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு கதை இருக்காது. முன்பு என் மனசாட்சிக்காகப் பேசினேன், இப்போது என் ஆசைக்காகப் பேசாமல் இருந்தேன். இரண்டிலும் பாதிக்கப்பட்டது அவள்தான்.

பரீட்சை நாலு நாள். கடைசித் தாள் எழுதிவிட்டு அவளும் நானும் திரும்பி வந்தபோது விரல் முழுக்க மை. மேட்ரன் அம்மா கூடத்தில் திண்டோடு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை இல்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்பிடி எழுதின?”

“நல்லா எழுதினேன், அம்மா.”

“அப்ப அந்தப் பிள்ளையக் கெணத்துலேருந்து வெளியே எடு. மனுசருக்குப் பொறுதி வேண்டாமா?”

அவள் அசையவில்லை. “எடுத்தா கடுதாசி போவுமே. பயிற்சிக்கு இன்னும் சேரல்லியே நான்.”

“எந்தக் கடுதாசி?” என்றார் மேட்ரன் அம்மா. “அதெல்லாம் அஞ்சு மாசத்துக்கு மின்னே போயாச்சு. நல்ல பிள்ளைன்னு எழுதி விட்டாச்சு.”

அவள் நெற்றி சுருங்கியது. வேகவேகமாக யோசிக்கிறாள் என்று தெரிந்தது. மேட்ரன் அம்மா கடிதங்களைப் பிள்ளைகளைக் கொண்டுதான் எழுதுவார். யாருடைய கையெழுத்து நன்றாக இருக்கும்? அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி. உனக்குத் தெரியுமா?”

“நான்தான் எழுதினேன்” என்றேன். “அந்தத் திங்கக்கிழமையே.”

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அஞ்சு மாசம்! எனக்க பாய்க்குப் பக்கத்துலே படுத்துக்கிட்டு அஞ்சு மாசம்! பாம்பு விடவான்னு கேட்டா, ‘விடுங்கக்கா’ன்னுட்டு! மக்கா, எல்லாரும் பாத்துக்கிடுங்க. இவளயா நான் வெறும் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு நடுவில் போய் நின்றாள். அவள் முகத்தில் ஐந்து மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம்.

கிணற்றுக்குள் முத்துக்கிளி கண்ணை மூடிக் கிடந்தாள் என்று தொடங்கினாள். மேலே ஏதோ அசைந்தது. டச்சுத் தளபதியின் கூடாரத்தில் ஒரு பெண் இருந்தாள், அவனுடைய மேசையைத் துடைத்து, அவன் சொல்கிற கடிதங்களை எழுதித் தருகிறவள். எதிரில் யாராவது உரக்கப் பேசினாலே நடுங்குகிறவள். அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை, முத்துக்கிளிகூட. எல்லாக் கடிதங்களிலும் என்ன இருந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் கிணற்றங்கரையில் வந்து நின்றாள், கையில் கயிறு.

“பயந்தாளா, அக்கா?” என்று கருவாட்டுக் குட்டி கேட்டாள்.

“பின்ன? பயந்துக்கிட்டேதான் போட்டா” என்றாள் அவள். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. மேட்ரன் அம்மா மட்டும் தலை நிமிராமல் அடுத்த ஓட்டையில் ஊசியைக் குத்தினார்.